சோற்றுக் கேள்வி

மார்ச் 6, திங்கள்

புதிதாகச் சேர்ந்த நல ஆய்வாளர்களுக்கு இன்று பயிற்சித் தொடக்கம். வரவேற்புரை நான், சிறப்புரை பியூலா. எப்போதும் இப்படித்தான். நான் மைக்கைத் தட்டிப் பார்த்துக் கொடுப்பேன், அவள் பேசுவாள்.

பேசியது அதே சோற்றுக் கேள்விதான். ஆதரவற்றோர் உதவி கேட்டு மனுப் போடும் விதவைகளிடம் முன்பெல்லாம் எங்கள் ஆட்கள் போய், "உங்களுக்கு ஆதரவு உண்டா?" என்று கேட்பார்கள். இல்லை என்று எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். சொன்னால் பெற்ற பிள்ளைக்குக் கெட்ட பெயர். "சாமி இருக்கு, ஊரு இருக்கு" என்பாள். ஆய்வாளர் 'ஆதரவு உண்டு' என்று எழுதி மனுவைத் தள்ளிவிடுவார். பியூலா ராமநாதபுரத்தில் மாவட்ட அலுவலராக இருந்தபோது அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நேத்து ராத்திரி சோறு யாரு கூடச் சாப்பிட்டீங்க?" என்று கேட்கத் தொடங்கினாள். தனியாகச் சாப்பிடுகிறவள் தனியாக இருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு சுற்றறிக்கை, கோட்டையில் ஒரு விருது, டில்லியில் இருந்து ஒரு குழு, பத்திரிகையில் பாதிப் பக்கம் படம்.

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் நாளே அழுகிற ஆய்வாளர் எத்தனை நாள் தாங்குகிறாள் என்று பார்க்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் கூடுதல் இயக்குநர் ஓய்வு பெறுகிறார். எங்கள் துறையில் கீழிருந்து ஏறி வந்தவர்களுக்கு அதுதான் உச்சி. அதற்கு மேலே இருப்பதெல்லாம் ஐ.ஏ.எஸ்.காரர்கள். இணை இயக்குநர்களில் தகுதியானவர்கள் இரண்டு பேர், பியூலாவும் நானும். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், பயிற்சி விடுதியில் ஒரே அறை. தேர்வாணையத் தரவரிசையில் அவள் எனக்கு ஒரே ஒரு இடம் மேலே. அந்த ஒரு இடத்தை முப்பத்திரண்டு வருடமாகத் தாண்ட முடியவில்லை. அடுத்த வருடம் மே மாதம் நானும் ஓய்வு. இதை விட்டால் இணை இயக்குநராகவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மார்ச் 8, புதன்

மகளிர் தினம். மேடையில் பியூலா. கீழே நான், ரோஜாப்பூ விநியோகம். சிலிண்டர் வந்தது. இவர் வாங்கி வைத்துவிட்டுச் சீட்டைத் தொலைத்துவிட்டார்.

மார்ச் 12, ஞாயிறு

'இவர்' என்று எழுதுகிறேன்; என் கணவர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகக் குறுக்கெழுத்துப் போடுகிறார். நல்ல மனிதர். இன்று தோசை வார்த்துக்கொண்டே பதவி உயர்வு விஷயத்தைச் சொன்னேன்.

"பியூலாவுக்குத்தான் வரும்" என்றார், தட்டில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏன், எனக்கு வரக்கூடாதா?"

"வரலாம். யார் கேட்டாங்க இப்ப? அந்தம்மா சீனியர், நல்லாவும் செய்யுறாங்க. அதைத்தான் சொன்னேன்."

"நான் நல்லாச் செய்யலையா?"

"சட்னி கொஞ்சம் வை."

அடுத்த தோசை கருகிவிட்டது. அதையும் சாப்பிட்டார். இவரிடம் சண்டை போடவே முடியாது. சுவரிடம் போடலாம்.

மார்ச் 17, வெள்ளி

மதியம் பியூலா தன் டப்பாவைத் திறந்து, "ஏட்டி அங்கை, பீன்ஸ் எடுத்துக்கோ" என்றாள். என் பெயர் அங்கயற்கண்ணி. அவ்வளவு நீளம் அவள் வாய்க்கு ஆகாது. நாசரேத்துக்காரி, சென்னைக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்த 'ஏட்டி' போகவில்லை. செயலர் முன்னால் மட்டும் 'மேடம்' என்பாள்.

பீன்ஸில் உப்பே இல்லை. குழம்பிலும் இல்லை. அவள் வீட்டுச் சமையல் துறை முழுக்கப் பிரசித்தம். ஒரு காலத்தில் அவள் டப்பாவுக்காகவே மாவட்டக் கூட்டம் போடுவார்கள்.

"உப்புப் போட மறந்துட்டியா?"

"இப்பம்லாம் இப்படித்தான் பொங்குதேன். ஒரே சட்டி, ஒரே சமையல். பழகிட்டு."

புகைப்படம் எடுக்கும் நாளுக்கு முகம் உப்பாமல் இருக்க வேண்டும் போல. இளைத்தும் இருக்கிறாள். கூடுதல் இயக்குநர் நாற்காலிக்கு இப்போதே அளவெடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாதி பீன்ஸை மூடி வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். செவ்வாயும் அப்படித்தான் கிளம்பினாள். போன வாரமும் செவ்வாய், வெள்ளி. எங்கே என்று கேட்டால், "ஒரு சோலி இருக்குட்டி" என்கிறாள். கோட்டைக்குத்தான். வேறு எங்கே? யார் யாரைப் பார்க்கிறாளோ. நானும் போகலாம், எனக்கு யாரைப் பார்ப்பதென்று தெரியாது. இதுவும் ஒரு திறமைதான், எனக்கு வரவில்லை.

மார்ச் 20, திங்கள்

செயலர் கூட்டம். என் மகள் வயதுதான் அவருக்கு. குறைதீர்க்கும் நாளில் விதவைகளின் மனுக்கள் நிறைய வருகின்றனவாம். உதவி கேட்டோம், 'மகன் ஆதரவு உண்டு' என்று தள்ளிவிட்டார்கள் என்கிறார்களாம். அதுவும் வடக்கு மாவட்டங்களில் அதிகம். யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.

எல்லோரும் பியூலாவைப் பார்த்தார்கள். அவளுடைய கேள்வி, அவளுடைய சுற்றறிக்கை. பியூலா குனிந்துகொண்டு, "இப்ப என்னால வெளியூர் போக முடியாது சார்" என்றாள். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

எனக்கே ஆச்சரியம். மார்ச் வெயிலில் ஜீப்பில் போகிற வயதா இது? ஆனால் எதற்குக் கையைத் தூக்கினேன் என்று எனக்குத் தெரியும். இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதலாம். சோற்றுக் கேள்வியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறேன். இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் போகிறேன்.

மார்ச் 23, வியாழன்

திண்டிவனம் தாண்டி நெற்குணப்பட்டு என்று ஓர் ஊர். காலையில் இவர் எழுந்திருக்கும் முன்பே கிளம்பியதால் வெறும் காபியோடு போனேன். வழியில் சாப்பிடலாம் என்று நினைத்து, ஒன்றும் சரியாக அமையவில்லை.

அந்தப் பகுதி ஆய்வாளர் ஒரு சுறுசுறுப்பான பெண். தள்ளிவிட்ட மனுக்காரர்களின் வீடுகளுக்கு வரிசையாகக் கூட்டிப் போனாள். எப்படிக் கேட்கிறாய் என்று செய்து காட்டச் சொன்னேன். வாசலில் நின்றபடியே, "நேத்து ராத்திரி யார் கூடம்மா சாப்பிட்டீங்க?" என்றாள். "மவன் வூட்ல" என்று பதில் வந்தது. எழுதிக்கொண்டாள். அடுத்த வீடு. "மருமவ போட்டா." எழுதிக்கொண்டாள். சுற்றறிக்கையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் செய்கிறாள். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. கேள்வி சரி, பதிலும் வருகிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஓட்டை இல்லையோ என்று.

ஏழோ எட்டோ வீடு ஆகியிருக்கும். பச்சையம்மாள் என்று ஒருவர், எழுபது வயதுக்கு மேலே. மகன் வீடு முன்னால், கல் வீடு. அதன் பின்பக்கம் ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகையில் இவர். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் கட்டிலைத் துடைத்துவிட்டு, "வாம்மா, குந்து. சாப்ட்டியாம்மா?" என்றார்.

"ஆச்சும்மா" என்றேன்.

சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஆகவில்லை. காலையில் குடித்த காபியும் பச்சைத் தண்ணீரும் தவிர ஒன்றும் இறங்கவில்லை, தலை கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஆச்சு என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. பிறந்ததில் இருந்து இந்தக் கேள்விக்கு வேறு பதிலே சொன்னதில்லை. நம் ஊரில் யார் சொல்வார்கள்? சாப்பிட்டீங்களா என்று கேட்டால் அது விசாரணை இல்லை, வணக்கம். வணக்கத்துக்குப் பதில் வணக்கம்தான்.

இதைத்தான் அரசாங்கம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறது.

ஆய்வாளரை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டு, "நீங்க சாப்ட்டீங்களா?" என்றேன்.

"ஆச்சும்மா. மவன் வூட்ல தான் நேத்து."

"என்ன கொழம்பு?"

பச்சையம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தார்.

"கொழம்புன்னா... எப்பவும் வெக்கறதுதான்."

வெயில் தகரத்தில் அடித்து உள்ளே அனலாக இருந்தது. ஊர்க்கதை பேசினோம், என் சொந்த ஊர் மதுரை என்றேன், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், ஒரே மகள் என்றேன். நடுவில் மறுபடி கேட்டேன். மறுபடியும் ஆச்சு என்றார். மூன்றாம் தடவை அதைச் சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டபோது, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவன் கெட்டவன் இல்லம்மா. அவ கையில தான் அடுப்பு. பக்கத்து வூட்டு பிரேமா கஞ்சி குடுக்கும். நேத்து அதுவும் ஊருக்குப் பூடுச்சு. இத எழுதாத. அவன் பேரு கெட்டுடும். பஞ்சாயத்துல நிக்கப் போறான்."

"எழுத மாட்டேன்" என்றேன்.

அவர் பெயரை எழுத மாட்டேன் என்பதைத்தான் சொன்னேன்.

கிளம்பும்போது, "மோர் குடிக்கிறியா?" என்றார். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவை கேட்காமலே எதிர் வீட்டில் வாங்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். குடித்தேன்.

மார்ச் 24, வெள்ளி

இன்னும் இரண்டு ஊர் பார்த்தேன். எங்கும் அதேதான். வாசலில் நின்று ஒரு தடவை கேட்டால் 'மகன் வீட்டில்' என்று வருகிறது. உட்கார்ந்து மூன்று தடவை கேட்டால் வேறு பதில் வருகிறது. தள்ளிவிட்ட மனுக்களில் பாதிக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது.

இந்தப் பெண்களை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது. ஆனால் ஜீப்பில் திரும்பி வரும்போது சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. ஓட்டுநர் பழைய பாட்டு ஒன்று வைத்தார், நானும் கூடவே பாடினேன். அவர் கண்ணாடியில் என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

மார்ச் 26, ஞாயிறு

காலையில் இருந்து மாலை வரை குறிப்பு எழுதினேன். இவர் சமையல். சாம்பார் நன்றாகவே இருந்தது.

முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு குறிப்பு நான் எழுதியதில்லை. நல்ல தமிழ், ஒரு வார்த்தை கூட வீண் இல்லை. 'ஆச்சு' என்பது பதில் இல்லை, வணக்கம் என்றுதான் ஆரம்பம். வாசலில் நின்று ஒரு தடவை கேட்கும் முறையைச் சுற்றறிக்கையில் இருந்து நீக்க வேண்டும். ஆய்வாளர் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரே அமர்வில் மறுபடி மறுபடி கேட்க வேண்டும். மனுதாரருக்குத் தனி அடுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தள்ளிய மனுக்களை மறுபடி எடுக்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் பியூலா கேட்டபோது மட்டும் எப்படிச் சரியான பதில் வந்தது என்று யோசித்தேன். அவளோடு ஒரு தடவை பரமக்குடிப் பக்கம் போயிருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் போனால் அவள் அரை மணி நேரத்துக்கு எழுந்திருக்கவே மாட்டாள். மீன் விலையில் ஆரம்பித்து மருமகள் ஊர் வரை பேசுவாள். அவள் கேட்டது பேச்சில் கலந்து போன கேள்வி. அதைப் பிடுங்கி அச்சடித்தபோதுதான் கெட்டுப் போனது. தவறு அச்சடித்தவர்களுடையது என்றும் சொல்லலாம்.

இதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. ஏற்கெனவே நீளமாகிவிட்டது.

மார்ச் 29, புதன்

குறிப்பை நேராகச் செயலருக்கு அனுப்பிவிட்டேன். திட்டம் பியூலாவின் பிரிவு, முறைப்படி முதலில் அவளுக்குப் போக வேண்டும். ஆனால் ஆய்வுக்கு என்னை அனுப்பியது செயலர். அவருக்கு அனுப்புவதில் தவறில்லை. விதியைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

இவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "பியூலாகிட்டக் காட்டினியா?"

"அது அலுவலக விஷயம்."

"அதான் கேட்டேன்."

அதற்குப் பிறகு குறுக்கெழுத்து. ஆறு எழுத்தில் ஏதோ கேட்டார், தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

தாழ்வாரத்தில் பியூலா எதிரே வந்தாள். மூன்று மணி, கையில் பை. "நல்ல வெயில்ல அலைஞ்சிட்டு வந்திருக்க, மோர் நெறைய குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். குறிப்பைப் படித்துவிட்டாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. படித்திருந்தால் இப்படிப் பேச மாட்டாள். படிக்கவில்லை என்றால் ஏன் மோர் என்றாள்?

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். வருடா வருடம் பியூலா வீட்டில் இருந்து கேக்கும் முறுக்கும் வரும். அவள் கணவர் எபநேசர் அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இவரோடு ஒரு மணி நேரம் அரசியல் பேசிவிட்டுப் போவார். இந்த வருடம் வரவில்லை. சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது இவர்தான், நான் இல்லை.

ஆக, படித்துவிட்டாள். கேக்கை நிறுத்திவிட்டாள். பெரிய மனசு என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது இவ்வளவுதான். எனக்கு இதில் ஒரு திருப்தி. அவளும் என்னைப் போல ஒரு மனுஷிதான் என்று.

ஏப்ரல் 12, புதன்

செயலர் கூப்பிட்டார். கோப்பு மேஜைமேல் இருந்தது.

"உட்காருங்க மேடம். ரொம்ப நல்ல ஆய்வு. இந்த மாதிரி ஒரு நோட் நான் சர்வீஸ்ல படிச்சதில்ல."

முப்பத்திரண்டு வருடமாக இந்த வாக்கியத்துக்குத்தான் உயிரை வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை நன்றி சொன்னேன்.

"பியூலா மேடத்துக்கு அனுப்பி வச்சேன். அன்னிக்கே திருப்பிட்டாங்க" என்று கோப்பை என் பக்கம் திருப்பினார்.

பெரிய விளக்கம் இருக்கும், மறுப்பு இருக்கும், ராமநாதபுரம் வரும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ஆய்வுக் குறிப்பில் கண்டது சரி. பிழை என் சுற்றறிக்கையில் உள்ளது. உடனே திருத்தலாம்.' கீழே கையெழுத்து.

"அப்புறம், நீங்க தயாரா இருங்க மேடம். பதவி உயர்வு ஆர்டர் உங்க பேர்லதான் வரும்."

"சார், பியூலா மேடம் எனக்கு சீனியர்" என்றேன். சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னது.

"அவங்க மார்ச் முதல் தேதியே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நான்தான் ஒரு மாசம் யோசிங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். அவங்க சாருக்கு டயாலிசிஸ் போயிட்டிருக்கே. செவ்வாய், வெள்ளி. இனிமே நீண்ட லீவு கேட்டிருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, ஒரே பேட்ச்தானே நீங்க?"

"தெரியும் சார்" என்றேன்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். மார்ச் முதல் தேதி. நான் ஓட்டை தேடிக் கிளம்பும் முன்பே அவள் பந்தயத்தை விட்டு இறங்கிவிட்டிருக்கிறாள். யாரும் இல்லாத மைதானத்தில் நான் மட்டும் ஓடி, நானே இடறிவிட்டு, நானே ஜெயித்திருக்கிறேன்.

அந்த மூன்று வரியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். 'பிழை என் சுற்றறிக்கையில்.' எனக்கு அப்படி எழுத வருமா? நான் எழுதியிருந்தால் நாலு பக்கம் ஆகியிருக்கும், கடைசியில் பிழை அச்சகத்துடையது என்று முடிந்திருக்கும். இதற்கும் அவள்மேல் பொறாமையாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வந்தது இதுதான்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. பாயசம், வடை, மாங்காய்ப் பச்சடி. செய்தி வெளியே போய்விட்டது போல, காலையில் இருந்து தொலைபேசி. எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி பேசினார்கள். "வாழ்த்துகள் மேடம், ரொம்ப சந்தோஷம். பியூலா மேடத்துக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க. யார் விட்டுக்கொடுப்பாங்க இந்தக் காலத்துல?"

கோயம்புத்தூரில் இருந்து பேசியவர் ஒருபடி மேலே போய், தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்டு சுற்றறிக்கையைத் திருத்தச் சொன்னாராமே, அவர் அல்லவா அதிகாரி என்றார். ஆமாம் என்றேன். திண்டிவனத்து வெயிலில் அலைந்தது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாற்காலி எனக்கு, பெயர் அவளுக்கு. இவரிடம் சொன்னேன். "உனக்கு நாற்காலிதானே வேணும்னு சொன்னே" என்றார். ஒரு வடையை வாயில் போட்டுக்கொண்டு, "எபநேசரைப் போய்ப் பார்க்கணும். நமக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்கும் கோபம் வந்தது எனக்கு. எனக்குப் பதவி கிடைத்த நாளில் அழுகிறார், அதுவும் அவள் புருஷனுக்காக.

ஏப்ரல் 21, வெள்ளி

திருத்திய சுற்றறிக்கை வெளியானது. பியூலா லீவில் போகும் முன் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது அதுதான். திட்டம் அவள் பிரிவு, அதனால் அவள் பெயரில். தள்ளிய மனுக்களை எல்லா மாவட்டத்திலும் மறுபடி எடுக்கிறார்கள்.

மே 2, செவ்வாய்

பொறுப்பேற்றேன். சால்வை, பூங்கொத்து, பால்கோவா. நாற்காலி கொஞ்சம் உயரம், கால் தரையில் சரியாகப் படவில்லை. மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

நெற்குணப்பட்டு ஆய்வாளர் தொலைபேசியில் பேசினாள். முதல் பட்டியலில் அந்த ஊரில் மட்டும் ஒன்பது பேருக்கு உதவி கிடைத்திருக்கிறதாம். பச்சையம்மாள் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். அரை மணி உட்கார்ந்துதான் கேட்டாளாம், மகன் சண்டைக்கு வந்தானாம், சமாளித்துவிட்டாளாம். பயிற்சி நாளில் முன்வரிசையில் அழுத பெண்ணைத்தான் அவளுக்கு உதவியாகப் போட்டிருக்கிறார்களாம். நன்றாக வேலை செய்கிறாளாம்.

இந்தச் செய்தியைக் கேட்டபோது மட்டும் பியூலாவின் ஞாபகம் வரவில்லை. ஒரு ஐந்து நிமிடம் இருக்கும். நன்றாக இருந்தது.

மே 5, வெள்ளி

மூன்று மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இவரையும் வழியில் ஏற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கப் போனார், சிறுநீரக நோய்க்கு அது கூடாது என்று தடுத்தேன். அது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

எபநேசர் அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பாதி ஆளாகிவிட்டார், வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்க கூடுதல் இயக்குநர் அம்மா. நல்ல சமயத்துல வந்திய. அரை டம்ளர் தண்ணிக்கு ஒரு உத்தரவு போடுங்க. இவ தரமாட்டேங்கா."

"காலம்பற குடிச்ச காப்பியச் சொல்லுங்க மொதல்ல" என்றாள் பியூலா.

"அது காப்பியாட்டி? சங்குல ஊத்துனா கூட வழியாது."

"சங்குலதான் இனிமே. வாங்கி வச்சிருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். உப்பில்லாத ஒரே சட்டியில் இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள், தண்ணீருக்குச் சண்டை போடுகிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. படுக்கையில் கிடக்கும் மனிதரைப் பார்த்துவிட்டு வந்து இப்படியா எழுதுவது? எழுதிவிட்டேன்.

இவரை அங்கே உட்காரவைத்துவிட்டு நாங்கள் தாழ்வாரத்துக்கு வந்தோம். கூட்டமாக இருந்தது. ஜன்னல் பக்கம் ஓர் இடம் கிடைத்தது.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?" என்றேன்.

"யாருட்டயும் சொல்லலட்டி. சொன்னா உள்ள கெடக்க அவ்வோ காதுக்குப் போயிரும், பதவி உயர்வ விடாதன்னு ஒரேடியா நிப்பாவ. எழுதிக் குடுத்த பொறவுதான் அவ்வோட்டயே சொன்னேன். ரெண்டு நாளு பேசல."

"என் குறிப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லா எழுதியிருந்தட்டி. ரெண்டு தடவ படிச்சேன். அந்த 'ஆச்சு' இருக்கே, எனக்கு அது தோணவே இல்ல பாத்துக்கோ. நான் ஒக்காந்து பேசிக்கிட்டே கேப்பேன், பதிலு வந்துரும். எல்லாரும் அப்படியே கேப்பாவன்னு நெனச்சிட்டேன்."

"உன்னைப் பத்தித் தப்பா ஒண்ணும்..."

"என்னையப் பத்தி எங்க எழுதுன? கேள்வியப் பத்தித்தான."

ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"மொதல்ல எங்கிட்டக் காட்டியிருக்கலாம்" என்றாள் பியூலா.

"காட்டியிருந்தா நிறுத்தியிருப்பியா?"

"நான் என்னத்துக்கு நிறுத்துதேன்?" என்று என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள். "ரெண்டு பேருமா கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்போம். ஹாஸ்டல்ல இருந்து ஒண்ணாக் கெடக்கோம். ஒரு காயிதத்துல கூட நம்ம ரெண்டு பேரு பேரும் சேந்து வந்ததில்ல, தெரியுமா? ஒன் குறிப்பு வந்தப்பம் நான் அதைத்தான் நெனச்சேன். இனிமே அதுக்கு எங்க நேரம்?"

நர்ஸ் கூப்பிட்டாள். பியூலா உள்ளே போய்விட்டாள். நல்லவேளை, கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து குக்கரை வைத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடி அந்தக் காகிதத்தை மனதில் எழுதிப் பார்த்தேன். முழுவதும் என் குறிப்புத்தான், கூடவே ராமநாதபுரத்தைப் பற்றி ஒரு பத்தி. கீழே இரண்டு பெயர். யார் பெயர் முதலில் என்று வழக்கம் போலப் பயந்தேன். தரவரிசைப்படி போட்டால் அவளுடையது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து எழுதும் குறிப்பில் தரவரிசை பார்ப்பதில்லை. அகர வரிசைதான்.

என் பெயர்தான் முதலில் வந்திருக்கும்.